வாள் இருந்த கையில் முயல் பொம்மை

நாயகன் இருந்த இடத்தில் நாயகியை வைத்தால் கதை மாறுமா? பெண்ணியத் திறனாய்வு நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இலக்கியத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிதல்ல. கோவலனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினால் மதுரைக்குப் போகும் வழியே வேறாகிவிடும். கடைத்தெருவில் பொற்கொல்லனின் பேச்சு மாறும், காவலர் பார்க்கும் பார்வை மாறும். மிஞ்சுவது வேறொரு காப்பியம். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு நாயகனை மட்டும் மாற்றிப் பார்க்கும் வசதி எழுத்துக்கு இல்லை. வீடியோ கேமுக்கு இருக்கிறது. அந்தச் சோதனை நடந்தும் இருக்கிறது.

1987இல் ஜப்பானின் ஆர்கேட் கூடங்களுக்கு ‘வொண்டர் பாய் இன் மான்ஸ்டர் லேண்ட்’ என்ற விளையாட்டு வந்தது. உருவாக்கியது ரியூய்ச்சி நிஷிசாவாவின் சிறிய நிறுவனம். அது பின்னாளில் வெஸ்டோன் என்று பெயர் பெற்றது. வெளியிட்டது சேகா. 1991இல் பிரேசிலில் டெக் டாய் என்ற நிறுவனம் இதன் வீட்டுக் கன்சோல் வடிவத்தை எடுத்து, பையனை நீக்கிவிட்டு, மோனிகா என்ற ஏழு வயதுச் சிறுமியை அங்கே வைத்தது. அவன் கையில் வாள் இருந்தது. இவள் கையில் முயல் பொம்மை. நிலமும் விதிகளும் அவைதாம். அவன் தாவிய பள்ளத்தைத்தான் இவளும் தாவுகிறாள். ‘மோனிகா நோ காஸ்டெலோ டோ டிராகாவ்’ என்பது பெயர். டிராகனின் கோட்டையில் மோனிகா.

இந்த விளையாட்டைப் பார்த்திராத வாசகிகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அக்காலத்தில் காசு போட்டால் ஓடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் ஆளை முடித்து அனுப்பிவிடுபவை. ஓடு, தாவு, சுடு, செத்துப்போ, அடுத்த காசு. ஆனால் 1986இல் வீட்டுக் கன்சோலுக்கு வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ ஜப்பானியப் பிள்ளைகளை வேறொன்றுக்குப் பழக்கியிருந்தது. ஊர் ஊராகப் போவது, ஆட்களோடு பேசுவது, காசு சேர்த்துக் கவசம் வாங்குவது, மெல்ல மெல்ல வலுப்பெறுவது என்று அது நாள்கணக்கில் நீளும். தாவிச் செல்லும் பிளாட்ஃபார்ம் ஆட்டத்தையும், பாத்திரத்தை வளர்த்தெடுக்கும் ஆர்பிஜியையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிப் பார்த்தவற்றுள் ‘மான்ஸ்டர் லேண்ட்’ முக்கியமானது. பையன் வெறுங்கையோடு, ஏறக்குறைய வெற்றுடம்போடு வந்து நிற்கிறான். முதல் கதவைத் திறந்தால் வாள் கிடைக்கிறது. எதிரியை வெட்டினால் தங்கக் காசு விழும். அந்தக் காசைக் கொண்டு வழியிலுள்ள கடைகளில் காலணி வாங்கலாம். நல்ல காலணி வேகமாக நடக்க வைக்கும், உயரமாகத் தாவ வைக்கும். கவசம் உண்டு, கேடயம் உண்டு, மந்திரம் உண்டு. மதுக்கடையில் காசு கொடுத்தால் தெம்போடு சேர்த்து ஒரு துப்பும் கிடைக்கும். மருத்துவமனையில் காசு கொடுத்தால் இழந்த இதயங்கள் திரும்ப வரும். இப்படிப் பன்னிரண்டு கட்டங்கள். கடைசியில் திக்குத் தெரியாமல் சுற்ற வைக்கும் கோட்டை, அதற்குள் டிராகன். அந்த டிராகன் உயிருள்ளதல்ல, இயந்திரம் என்பது முடிவில்தான் தெரியும்.

இவற்றையெல்லாம்விட என் கவனத்தைப் பிடித்தது திரையில் இருக்கும் ஒரு மணல்கடிகாரம். மணல் விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். முழுவதும் இறங்கினால் ஓர் இதயம் போய்விடும். கடிகாரம் திரும்ப நிறைந்து திரும்ப இறங்கும். எதிரி வந்து தொட வேண்டியதே இல்லை. ஓரிடத்தில் நின்றாலே போதும், சாகலாம்.

என் தங்கை மகள் தன் மடிக்கணினியில் இதைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு கதவின் முன்னால் நின்று, உள்ளே போவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பெரியம்மா, நின்னு யோசிக்காதீங்க. மணல் ஓடுது பாருங்க.”

“ஏன்டி ஓடுது?”

“அது அப்படித்தான் பெரியம்மா. ஓடும்.”

‘அது அப்படித்தான்’ என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பதுதான் திறனாய்வின் வேலை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். ஏன் ஓடுகிறது? ஆர்பிஜி என்பது நேரத்தைக் கேட்கும் வகை. ஆர்கேட் பெட்டி என்பது நேரத்தை விற்கும் வியாபாரம். ஒரே காசில் ஒருவன் மணிக்கணக்கில் நின்று கடைகடையாக விலை விசாரித்துக்கொண்டிருந்தால் பெட்டியின் சொந்தக்காரருக்கு நட்டம். இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே எழுதப்பட்ட உடன்படிக்கைதான் அந்த மணல்கடிகாரம். நீ வளரலாம், ஆனால் விரைவாக வளர். சேர்க்கலாம், ஆனால் நடந்துகொண்டே சேர். கதைக்குள் பார்த்தால் ஒரு வீரனின் அவசரம். கதைக்கு வெளியே பார்த்தால் இட வாடகை. ஒரு பிரதிக்குள் பொருளாதாரம் இவ்வளவு அப்பட்டமாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் எனக்கு வேறொன்று சட்டென நினைவுக்கு வரவில்லை.

பெண்களுக்கு இந்தக் கடிகாரத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நின்றால் ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்ற பதற்றத்தோடுதான் அடுப்புக்கும் பேருந்துக்கும் நடுவில் நாம் நடமாடுகிறோம். ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் பையனுக்கு மணல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தெரிகிறது. அதை நிறைத்துக்கொள்ளும் பொருளும் வழியிலேயே கிடக்கிறது. அவன் அதை எடுத்துக்கொண்டால் யாரும் ஏன் எடுத்தாய் என்று கேட்பதில்லை.

பையனைப் பற்றிப் பார்ப்போம். அவன் யார்? 1986இல் வந்த முதல் ‘வொண்டர் பாய்’ விளையாட்டில் அவன் காட்டுச் சிறுவன். காதலியைத் தூக்கிப் போய்விட்டார்கள், மீட்க ஓடுகிறான். கடத்தப்பட்ட பெண் ஓட்டத்துக்கு ஒரு காரணம், முடிவில் ஒரு பரிசு. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொல்காப்பியம் ஆநிரை கவர்தலுக்கு ஒரு திணை வகுத்தது போல, வீடியோ கேமுக்கு இலக்கணம் எழுதுபவர் பெண் கவர்தலுக்கு ஒரு திணை ஒதுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது விளையாட்டான ‘மான்ஸ்டர் லேண்’டில் அந்தக் காதலிகூட ஓட்டத்துக்குக் காரணமாக இல்லை. நாட்டை அரக்கர்கள் பிடித்துவிட்டார்கள், அவன் புறப்படுகிறான், அவ்வளவே.

அதைவிடச் சுவையான செய்தி உரிமை பற்றியது. ‘வொண்டர் பாய்’ என்ற பெயரும் பாத்திரங்களும் சேகாவுக்குச் சொந்தம். விளையாட்டு அதை உருவாக்கியவர்களுக்குச் சொந்தம். ஆகவே முகத்தை மட்டும் கழற்றிவிட்டு ஆட்டத்தை வேறொருவருக்குக் கொடுக்க முடிந்தது. முதல் விளையாட்டில் ஹட்சன் நிறுவனம் ஒரு தொப்பிக்காரரை வைத்து ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ என்று விற்றது. ‘மான்ஸ்டர் லேண்’டுக்கு ஜப்பானிலேயே இரண்டு மறுபிறவிகள். ஒன்று, ‘பிக்குரிமான்’ என்ற பெயரில் பிள்ளைகளிடையே புகழ்பெற்றிருந்த ஸ்டிக்கர் பாத்திரங்களை வைத்து 1987இல் வந்த ‘பிக்குரிமான் வேர்ல்ட்’. மற்றொன்று, சீனக் கதையின் குரங்கரசனை வைத்து 1988இல் வந்த ‘சையூகி வேர்ல்ட்’. தொப்பிக்காரர், ஸ்டிக்கர் வீரன், குரங்கு என்று யார் வந்தாலும் ஆட்டம் கலங்கவில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிவது, வீரன் என்ற இடம் காலியானது என்பதே. அது ஓர் உடையை மாட்டும் ஆணி. குரங்கையே மாட்டலாம் என்றால் பெண்ணை மாட்டத் தடையென்ன? தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இருந்ததில்லை. ஆனால் நான் பார்த்த இந்த வரிசையில் குரங்குக்கு இடம் கிடைத்து மூன்றாண்டுகள் கழித்துத்தான் ஒரு சிறுமிக்குக் கிடைத்தது. அதுவும் ஜப்பானுக்கு மறுகோடியில் உள்ள ஒரு நாட்டில்.

வந்த இடத்திலிருந்து பெண் எவ்வளவு எளிதாகப் போகவும் செய்வாள் என்பதற்கு இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சான்று உண்டு. டைட்டோ நிறுவனத்தின் ‘கடாஷ்’ ஆர்கேட் விளையாட்டு 1989ஐச் சேர்ந்தது. இளவரசியை மீட்கப் போகும் நால்வரில் ஒருவராகப் பெண் பூசாரியும் இருந்தார். 1992இல் அது மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்தபோது நால்வர் இருவராகக் குறைந்தனர். வாள்வீரன் இருந்தான், மந்திரவாதி இருந்தான். பூசாரி காணோம். இளவரசி மட்டும் கடத்தப்படுவதற்குத் தவறாமல் வந்து சேர்ந்திருந்தாள்.

மோனிகா எங்கிருந்து வந்தாள் என்று தெரியாமல் அந்தப் பிரேசில் விளையாட்டைப் படிக்க முடியாது. பிரேசிலின் சித்திரக்கதைக் கலைஞர் மவுரிசியோ டி சூசா, தன் சிறிய மகளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கிய பாத்திரம் அவள். 1963 மார்ச்சில் செபோலினியா என்ற பையனின் நாளிதழ்ச் சித்திரத் தொடரில் துணைப்பாத்திரமாகத்தான் நுழைந்தாள். 1970இல் அவள் பெயரிலேயே தனி இதழ் வந்தது. துணைப்பாத்திரம் தொடரையே எடுத்துக்கொண்டுவிட்டது. குள்ளச்சி, குண்டச்சி, பல்லுத் துருத்தி என்று பையன்கள் அவளைப் பழிப்பார்கள். அவளுடைய நீல முயல் பொம்மையைத் திருடி அதன் காதுகளை முடிச்சுப் போடுவார்கள். அவள் அதே பொம்மையின் காதைப் பிடித்துச் சுழற்றி அடிப்பாள். கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு பையன்கள் தரையில் கிடப்பார்கள். அறுபதாண்டுகளாக ஏறக்குறைய இதே கதை. பிரேசிலில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தது இந்தக் கதைகளில்தான்.

பொம்மையின் பெயர் சன்சாவ். விவிலியத்துச் சிம்சோனின் போர்த்துகீசியப் பெயர் அது. ஒரு பெண்ணால் கூந்தலையும் வலிமையையும் இழந்த ஆணின் பெயரை ஒரு சிறுமியின் ஆயுதத்துக்கு வைத்திருப்பதை நினைத்து நான் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிம்சோனின் காதைத்தான் பையன்கள் முடிச்சுப் போடுகிறார்கள்.

கதையின் மையம் அடிதடி அல்ல. அந்தத் தெரு யாருடையது என்பதுதான். மோனிகாதான் தெருவின் சொந்தக்காரி. செபோலினியாவுக்கு அந்தப் பட்டம் வேண்டும். அதற்காக அவன் தீட்டும் ‘தோற்கவே தோற்காத திட்டங்கள்’ ஒவ்வொன்றும் தோற்றுப்போகும். ஓர் ஏழு வயதுப் பெண் தெருவை வைத்திருக்கிறாள். அதை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பதே ஆண்பிள்ளைகளின் முழுநேர வேலை. இதைப் படிக்கும்போது தமிழ் தெரிந்தவருக்கு அல்லி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’யில் அர்ச்சுனனும் திட்டத்துக்கு மேல் திட்டமாகத்தான் தீட்டுகிறான். அவன் திட்டம் பலித்துவிடுகிறது. பாம்பாக உருமாறி நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிட்டு வருகிறான். ஆளுகிற பெண்ணைப் பற்றிய கதை அவளை அடக்குவதில் முடிய வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு அம்மானைப் பாடல்களே சாட்சி. மோனிகாவின் தொடரில் அந்தத் திட்டம் பலிப்பதே இல்லை. பலித்தால் அடுத்த வாரம் கதை இருக்காது என்ற வணிகக் காரணமும் அதில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அறுபதாண்டுகள் தோற்கடிக்கப்படாமல் ஒரு தெருவை வைத்திருப்பது சிறிய காரியமல்ல.

இப்போது அவளை எடுத்து ‘மான்ஸ்டர் லேண்’டில் வைக்கிறார்கள். என்ன நடக்கிறது?

முதலில், முயல் வாளாகிறது. சித்திரக்கதையில் அந்தப் பொம்மை உயர்வதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் தேவைப்பட்டது. யாரோ ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும், யாரோ காதை முடிச்சிட்டிருக்க வேண்டும். அவள் கோபம் ஒரு பதில். விளையாட்டில் எதிரே ஊர்ந்து வரும் பாம்பு அவளை எதுவும் சொல்லவில்லை. வலப்பக்கம் போகும் வழியில் அது இருக்கிறது, அவ்வளவுதான். அவள் அடிக்கிறாள், காசு விழுகிறது. காரணமுள்ள கோபம் காரணமில்லாத வேலையாகிவிட்டது. மோனிகாவின் கோபத்தை எனக்குப் பிடித்ததே அது யாரையும் தேடிப் போகாது, தன் வாசலில் வந்து சீண்டியவரையே திருப்பி அடிக்கும் என்பதால்தான். இங்கே அவள் தேடிப் போகிறாள்.

இரண்டாவதாக, தெரு இல்லை. பக்கவாட்டில் நகரும் திரையில் கடந்துபோன இடம் உனக்குச் சொந்தமில்லை. கட்டத்துக்குக் கட்டம் நிலம் கழன்றுபோகிறது. சொந்தத் தெருவை வைத்திருந்தவள் இப்போது ஊர் பேர் தெரியாத ஒரு நிலத்தைச் சுத்தம் செய்துகொண்டு நடக்கிறாள், தலைக்கு மேல் மணல் ஓட. நிற்க முடியாத இடத்தில் எதையும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆர்கேட் கூடத்தின் வாடகைக்காக எழுதப்பட்ட அந்த மணல்கடிகாரம், காசு போடும் துளையே இல்லாத வீட்டுக் கன்சோலுக்கும் வந்து, சேகாவின் பையனிடமிருந்து பிரேசில் சிறுமியிடமும் வந்து சேர்ந்துவிட்டது. வாடகை கேட்க ஆளில்லாத இடத்திலும் வாடகை ஓடுகிறது. நாயகி மாறினாலும் கதை மாறாமல் போவது எப்படி என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். படத்தை மாற்றினார்கள், கடிகாரத்தை மாற்றவில்லை.

முதுகலை மாணவிகளிடம் பாடத்துக்கு நடுவே இதைச் சொன்னேன். ஒருத்தி, “சேலையை மாத்திக் கட்டுன மாதிரிதானேம்மா, ஆள் அதே ஆள்தான்” என்றாள். நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான். ஆனால் பின்வரிசையிலிருந்து வேறொருத்தி விடவில்லை. “அம்மா, அந்த ஊர்ல ஏழு வயசுப் பிள்ளை ஒருத்தி அந்த கேமைப் போட்டப்ப அவளுக்குத் தெரிஞ்ச முகம் வந்துச்சுல்ல? அண்ணனோட கேமை வாங்கி ஆடுறதும் அவ கேமை அண்ணன் கேட்டு வாங்குறதும் ஒண்ணாம்மா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. வீடியோ கேம் கடைகளுக்குப் பச்சைத் திரை போட்டிருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். உள்ளே என்ன நடக்கிறது என்பது எங்களுக்குச் சத்தமாக மட்டுமே தெரியும். தம்பிகள் போவார்கள், நாங்கள் அவர்களைக் கூப்பிடப் போய் வாசலில் நிற்போம். திரைக்குள் நம் முகம் கொண்ட ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் அந்த வாசலில் நாங்கள் நின்ற விதம் வேறாக இருந்திருக்கும். அட்டைப்பெட்டியின் மேல் மோனிகாவின் பெயர் இருப்பது எவ்வளவு மேலோட்டமான மாற்றமாக இருந்தாலும், பெட்டியைக் கையில் எடுக்கும் உரிமை அந்த மேலோட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. விதிகளைப் பற்றி விமர்சிக்க முதலில் ஆடியிருக்க வேண்டும் அல்லவா.

முகமாற்றம் விதிமாற்றமாகவும் ஆகலாம் என்பதற்கு 1982இல் அமெரிக்காவில் வந்த ‘மிஸ் பேக்மேன்’ இருக்கிறது. அதுவும் ஓர் ஆணின் ஆட்டத்தில் ரிப்பன் கட்டி வந்தவள்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் புதிர்ப்பாதைகளைப் புதிதாக வரைந்தார்கள், பேய்களின் நடையையும் மாற்றினார்கள். பழைய ஆட்டத்தில் மனப்பாடம் செய்து ஜெயித்தவர்கள் இவளிடம் தடுமாறினார்கள். ரிப்பன் மட்டுமே வந்திருந்தால் நான் அதை இங்கே குறிப்பிட்டிருக்க மாட்டேன்.

டெக் டாய் மேலும் இரண்டு முறை இதைச் செய்தது. 1989இல் வந்த ‘தி டிராகன்ஸ் டிராப்’ என்ற அடுத்த விளையாட்டில், தோற்ற டிராகனின் சாபத்தால் வீரன் பல்லி மனிதனாகவும் எலியாகவும் மீனாகவும் சிங்கமாகவும் பருந்தாகவும் மாறிக்கொண்டே போவான். 1993இல் பிரேசிலுக்கு வந்த வடிவத்தில் இந்த உருமாற்றங்களின் இடத்தை மோனிகாவின் கூட்டாளிகள் நிரப்பினார்கள். எனக்கு இது மூலத்தைவிடச் சிறந்ததாகவே படுகிறது. ஒருவனே பல உருவாக மாறுவது சாபம். ஒரு கூட்டமே மாறி மாறிக் கைகொடுப்பது தெருவின் இயல்பு. யாரும் திட்டமிடாமலேயே தெருவின் சாயல் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. 1994இல் மூன்றாவதும் வந்தது. அதில் நான் பெரிதாக எதையும் காணவில்லை.

பாரிஸைச் சேர்ந்த லிசர்ட்க்யூப் குழு 2017இல் ‘தி டிராகன்ஸ் டிராப்’பை மீண்டும் வரைந்து வெளியிட்டபோது, பையனுக்குப் பதில் பெண்ணைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் கொடுத்தது. அழகாக வரைந்திருக்கிறார்கள். சாபம் விழுந்து பல்லியாகிவிட்டால் பிறகு ஆணும் பெண்ணும் ஒன்றுதான் என்பது அதிலுள்ள வேடிக்கை. ஆனால் ‘வேண்டுமானால் பெண்’ என்பது உபசரிப்பு. பந்தியில் யாராவது கேட்டால் எடுத்துவரும் பாயசம் போல. கேட்காதவர் இலையில் அது விழாது.

இந்தத் தொடரில் பெண்ணுக்காகவே எழுதப்பட்ட விளையாட்டு ஒன்றுதான். 1994இல் ஜப்பானில் மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த ‘மான்ஸ்டர் வேர்ல்ட் IV’. நாயகி பெயர் ஆஷா. நம் தெருக்களில் கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்க்கும் பெயர். அரபுக் கதைகளின் சாயல் கொண்ட நகரம், அங்கே ஆள்வது ஓர் அரசி. மணல்கடிகாரம் இல்லை. ஆஷா நிற்கலாம். ஊராரோடு பேசலாம், திரும்பி வந்து இன்னொரு முறை பேசலாம். அவளோடு பெப்பெலோகூ என்ற நீலநிறப் பறக்கும் உயிரொன்று வருகிறது. அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மெல்ல மிதந்து இறங்குகிறாள். எட்டாத உயரத்துக்கு இரண்டாம் தாவலும் அதனால்தான் கிடைக்கிறது. ‘மான்ஸ்டர் லேண்’டில் உயரமாகத் தாவ வேண்டுமென்றால் விலையுயர்ந்த காலணி வாங்க வேண்டும். இங்கே தாவலின் உயரம் காசில் இல்லை, கூட இருக்கும் உயிரைக் கூப்பிடுவதில் இருக்கிறது. கடைகள் இங்கும் உண்டு, வாளும் உண்டு. ஆனால் உடலுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு மாறிவிட்டது. நாயகியை வைத்ததால் விதி மாறியதா, விதியை மாற்ற நினைத்தவர்களுக்கு நாயகி தேவைப்பட்டாளா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக நிகழ்ந்திருக்கின்றன.

இதற்காக ஆஷாவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. தொப்புள் தெரியும் அந்த ‘அரபு’ உடை, பாலைவனத்தையும் அரண்மனையையும் தொலைவிலிருந்து கற்பனை செய்தவர்களின் உடை. புதையல் பெட்டியைத் திறக்கும்போது அவள் நமக்கு முதுகைக் காட்டி இடுப்பை ஆட்டி ஆட்டித் திறக்கிறாள். பையன் பெட்டி திறந்தபோது யாரும் அவனை அப்படி ஆடச் சொல்லவில்லை. யார் பார்ப்பதற்கு அந்த ஆட்டம்? கையில் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்திருப்பவர் ஆஷாவாகவே நடக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு கணத்தில் விளையாட்டு நம்மை அவளுக்குள்ளிருந்து வெளியே எடுத்து அவள் பின்னால் நிறுத்திவிடுகிறது. என் தங்கை மகள் அந்த இடம் வரும்போதெல்லாம் “ஐயே” என்று திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒரு பத்தியில் சொல்ல முயன்றதை அவள் ஓர் அசையில் சொன்னாள்.

ஜப்பானுக்கு வெளியே ஆங்கிலத்தில் ஆஷா அதிகாரபூர்வமாக வந்தது 2012இல். பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறாள். பையனின் விளையாட்டு ஓராண்டுக்குள் வீட்டுக் கன்சோலுக்கு வந்து நாடு நாடாகப் போய்விட்டது. இவளுக்காக 1994இல் எந்தத் துறைமுகமும் திறக்கவில்லை. 2021இல் மீண்டும் வரைந்து வெளியிட்டபோதுதான் இவள் பெயரே தலைப்புக்கு வந்தது, ‘வொண்டர் பாய்’ என்ற சொற்களுக்குப் பின்னால். ‘வொண்டர் பாய்: ஆஷா இன் மான்ஸ்டர் வேர்ல்ட்.’ நாயகி பெண். குடும்பப் பெயர் இன்னும் பையன்.

மோனிகாவும் ஆஷாவும் என் மேசையில் அருகருகே இருக்கிறார்கள். ஒருத்திக்குத் தெருவும் கோபமும் வரலாறும் இருந்தன, விதி அவளுடையதாக இல்லை. மற்றவளுக்கு விதி கொஞ்சம் அவளுடையது, ஆனால் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மோனிகாவின் தெருவை ஆஷாவின் விதியில் எழுதினால் எப்படி இருக்கும் என்று மாணவிகளிடமே கேட்டேன். படம் வரைய வேண்டாம், விதிகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள் என்றேன்.

பதினொரு தாள்கள் வந்தன. பாதிப்பேர் வாளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மிளகாய்ப்பொடி எழுதியிருந்தார்கள், அது இன்னொரு வகை வாள்தான். ஒருத்தி, திண்ணையில் உட்கார்ந்தால் இதயம் ஏறும், யாராவது வந்து கூட உட்கார்ந்தால் இரண்டு மடங்கு ஏறும் என்று எழுதியிருந்தாள். அண்ணன் ஆட்டத்தைப் பற்றிக் கேட்ட பின்வரிசைப் பெண் கடைப்பட்டியல் மட்டும் கொடுத்தாள். செருப்பு, டார்ச் லைட், மழைக்கோட்டு, வீட்டுச் சாவிக்கு ஒரு நகல். விலைக்குக் கட்டம் போட்டு எதையும் நிரப்பாமல் விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, இந்தத் தெருவில் காசு எங்கிருந்து விழ வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்றாள்.